அழைக்கப்பட்டவர்களும் தாமாக வந்தவர்களும்: ருவாண்டாவின் மீட்சியில் அயல்நாட்டுத் தொண்டர்

கேள்வி

ருவாண்டாவின் தலைநகர் கிகாலிக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் நியாமாட்டா என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள கத்தோலிக்கத் தேவாலயத்தில் இப்போது பூசை நடப்பதில்லை, அது நினைவிடம். 1994 ஏப்ரலில் உயிருக்குப் பயந்து அதற்குள் ஓடி வந்த ஆயிரக்கணக்கான டுட்சி இனத்தவர் அங்கேயே கொல்லப்பட்டார்கள். அவர்கள் உடுத்தியிருந்த துணிமணிகள் மர இருக்கைகளின் மீது குவிக்கப்பட்டிருக்கின்றன. சட்டை எது, பாவாடை எது, குழந்தையின் உடை எது என்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். எல்லாம் ஒரே செம்மண் பழுப்பாகிவிட்டது. நிமிர்ந்தால் தகரக் கூரையெங்கும் குண்டுச் சிதறல் போட்ட ஓட்டைகள். சுற்றுவட்டாரத்தில் கொல்லப்பட்டவர்களையும் சேர்த்து 45,000-க்கு மேற்பட்டோர் இந்த வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். வெளியே ஒரு கல்லறை மட்டும் தனியாக இருக்கிறது. அது அந்த 1994 இனப்படுகொலைக்கு இரண்டு ஆண்டு முந்தையது.

அந்தக் கல்லறை அன்டோனியா லோகாடெல்லியுடையது. இத்தாலியிலிருந்து வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ருவாண்டாவில் பணி செய்தவர். 1992 மார்ச்சில் அந்த வட்டாரத்தில் டுட்சிகளைத் தாக்கத் தொடங்கினார்கள். ஊர்மக்கள் ஆத்திரத்தில் செய்கிறார்கள் என்றது அரசுத் தரப்பு. லோகாடெல்லி வெளிநாட்டு வானொலிகளுக்குத் தொலைபேசியில் பேசினார். தாக்குகிறவர்கள் ஊரார் அல்லர், வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள், இது ஏற்பாடு செய்து நடத்தப்படுவது என்றார். ஊரில் எவர் எவர் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அந்தச் சொல்லுக்கு எடை இருந்தது. மார்ச் 9 இரவு அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த முறை தேவாலயத்தில் ஒளிந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். 1994-இல் மக்கள் மறுபடியும் அதே கூரையின் கீழ் கூடியதற்கு அந்த நினைவும் ஒரு காரணம்.

இனப்படுகொலைக்குப் பின் ருவாண்டாவுக்குத் தொண்டு செய்யப் போன அயலார் ஏராளம். மருத்துவர்கள், ஆசிரியர்கள், விடுமுறையில் வந்த கல்லூரி மாணவர்கள், தேவாலயக் குழுக்கள், ஓய்வு பெற்ற பொறியாளர்கள் எனப் பல வகை. அவர்களால் அந்த நாட்டுக்கு என்ன கிடைத்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வந்தவரின் நல்லெண்ணத்தை அளந்து பார்ப்பதில் பயனில்லை. யார் அழைத்தார்கள், எத்தனை காலம் தங்கினார்கள், யாருக்குக் கணக்குக் காட்டினார்கள் என்ற மூன்றுமே பலனைத் தீர்மானித்தன என்பது என் வாதம். இந்த மூன்றுக்கும் ருவாண்டா அரசு மிகக் கறாரான விடை கண்டது. அந்த விடைக்கு ஒரு விலையும் உண்டு. லோகாடெல்லி தொலைபேசியில் செய்த வேலைக்கு இன்றைய தொண்டருக்கு இடமில்லை.

இருக்கும் விளக்கங்கள்

இது பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இரண்டு கரைகளில் நிற்கின்றன. ஒரு கரை, தொண்டுப் பயணத்தையே சந்தேகிப்பது. 1968-இல் மெக்சிகோவில் கூடிய அமெரிக்க மாணவத் தொண்டர்களிடம், உங்கள் நல்லெண்ணத்தோடு வீட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்ற பொருளில் இவான் இலிச் ஆற்றிய உரை இதன் மூலப் பிரதி. 2012-இல் நைஜீரிய அமெரிக்க எழுத்தாளர் டேஜு கோல், வெள்ளையர் மீட்பராகத் தம்மைக் கருதிக்கொள்ளும் போக்கை ஒரு தொழில்துறை என்றே அழைத்தார். ஆப்பிரிக்கா அவர்களுக்கு மனநிறைவு தேடும் மேடை, வந்துபோகிறவரின் பயணக்கதையில் உள்ளூர்க்காரர் துணைப்பாத்திரம் என்பது இத்தரப்பின் சாரம்.

மறுகரை, தனிமனித வீரத்தைக் கொண்டாடுவது. எல்லாரும் ஓடியபோது கிகாலியில் தங்கிய அமெரிக்கர் கார்ல் வில்கன்ஸ், செஞ்சிலுவைச் சங்கத்தின் ஃபிலிப் கையார், 82 வயதில் கிசென்யி அருகே அனாதை இல்லம் தொடங்கிய ரோசமண்ட் கார் போன்றோரின் வாழ்க்கை ஆவணப்படங்களாகவும் நூல்களாகவும் வந்திருக்கிறது.

முதல் தரப்பு அமைப்பை மட்டும் பார்க்கிறது, இரண்டாவது ஆளை மட்டும் பார்க்கிறது. இரண்டிலும் ருவாண்டாக்காரர்கள் பேசுவது குறைவு. மூன்றாவதாக ஒரு சரடு இருக்கிறது, அதுவே எனக்குப் பயனுள்ளதாகப் படுகிறது. பீட்டர் யூவின் 1998-இல் எழுதிய நூல், வன்முறைக்கு வளர்ச்சிப் பணியே எவ்வாறு துணைபோனது என்று கேட்டது. ஃபியோனா டெர்ரி 2002-இல் அகதிகள் முகாம்களைப் பற்றி அதே கேள்வியை எழுப்பினார். இருவரும் களத்தில் வேலை செய்தவர்கள். வெளியே நின்று கல்லெறியவில்லை.

படுகொலைக்கு முன்பும் அப்போதும்

ருவாண்டாவின் தொண்டர் வரலாறு 1994-க்குப் பிறகு தொடங்கியதாக நினைப்பது பொதுப் பிழை. 1980-களில் உதவி வழங்கும் நாடுகளுக்கு ருவாண்டா செல்லப்பிள்ளை. சாலை நல்ல சாலை, அதிகாரிகள் நேரத்துக்கு வருவார்கள், திட்ட அறிக்கைகள் ஒழுங்காக எழுதப்படும். அமெரிக்க அமைதிப் படைத் தொண்டர்கள் 1975 முதல் 1993 வரை அங்கே இருந்தார்கள். பெல்ஜிய, சுவிஸ், ஜெர்மானிய, கனடிய நிபுணர்கள் மலைக்கு மலை இருந்தார்கள். அடையாள அட்டையில் இனம் ஹுட்டு, டுட்சி என்று அச்சிட்டிருந்ததும், பள்ளியிலும் வேலையிலும் அதன்படி ஒதுக்கீடு நடந்ததும் அவர்கள் கண்ணெதிரேதான். ஆனால் திட்ட அறிக்கைகளில் அது பேசப்படவில்லை. அரசியல் நம் வேலை இல்லை என்ற தொழில்முறை ஒழுக்கமே இந்தக் குருட்டுத்தனத்தை உண்டாக்கியது என்பது யூவின் முடிவு. லோகாடெல்லியை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். அவர் விதிவிலக்கு.

1994 ஏப்ரல் 6 இரவு அதிபர் ஹபியாரிமானாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் பிரதமர் அகாதே உவிலிங்கியிமானாவும் அவருக்குக் காவலிருந்த ஐ.நா. படையின் பத்து பெல்ஜியரும் கொல்லப்பட்டார்கள். சில நாட்களுக்குள் பிரெஞ்சு, பெல்ஜிய விமானங்கள் வந்திறங்கின. ஏறியவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டார். ஏப்ரல் 11 அன்று கிகாலியின் கிசுக்கிரோ பகுதித் தொழில்நுட்பப் பள்ளியில் முகாமிட்டிருந்த பெல்ஜியப் படையினர் வாகனங்களில் ஏறிப் போனார்கள். அவர்களை நம்பி அந்த வளாகத்தில் தங்கியிருந்த சுமார் 2,000 பேரில் பெரும்பாலோர் அன்றைக்கே கொல்லப்பட்டார்கள். ஏப்ரல் 21-இல் ஐ.நா. பாதுகாப்பு அவை அங்கிருந்த ஐ.நா. படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது.

ஈழத்தைத் தெரிந்த வாசகருக்கு இந்தக் காட்சி புதிதல்ல. 2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பியபோது, போகாதீர்கள் என்று மக்கள் வாசலை மறித்து மன்றாடினார்கள். இலங்கையில் ஐ.நா. தவறியது எங்கே என்று 2012-இல் அறிக்கை தந்த குழுவின் தலைவர் சார்லஸ் பெட்ரி, 1994-இல் ருவாண்டாவில் ஐ.நா. மனிதநேயப் பணியில் இருந்தவர்.

தொண்டரையும் ஊராரையும் பிரிக்கும் கோடு இங்கேதான் துல்லியமாகத் தெரிகிறது: தொண்டருக்குப் போவதற்கு விமானம் உண்டு. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் ருவாண்டா ஊழியர்கள் 200-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். வெளிநாட்டு ஊழியர்களை வெளியேற்ற முடிந்தது. தங்கிய ஒருசிலர் வீரர்களே. ஆனால் அந்த வீரம் எப்படி வேலை செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். டமாஸ் கிசிம்பா என்ற ருவாண்டாக்காரர் நடத்திய அனாதை இல்லத்தில் ஏறத்தாழ 400 பேர் ஒளிந்திருந்தார்கள். கொலைப்படை சூழ்ந்தபோது அவர்களை விடுவிக்க வில்கன்ஸ் வேண்டியது யாரிடம்? படுகொலையை நடத்திக்கொண்டிருந்த இடைக்கால அரசின் பிரதமர் ழான் கம்பாண்டாவிடம். கேட்டது கிடைத்தது. அதே கம்பாண்டா 1998-இல் சர்வதேசத் தீர்ப்பாயத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார். வெள்ளைத் தோலும் அமெரிக்கக் கடவுச்சீட்டும் பேசவைத்த வாயை, மூன்று மாதமாக அந்த மக்களைக் காத்துவந்த கிசிம்பாவால் பேசவைத்திருக்க முடியாது. இதைச் சொல்வது வில்கன்ஸைக் குறைப்பதாகாது. அவரிடம் இருந்த ஆயுதம் எது என்று சொல்வதுதான்.

கோமா

1994 ஜூலை 4-இல் கிளர்ச்சி இயக்கமான ருவாண்டா தேசபக்த முன்னணி கிகாலியைக் கைப்பற்றியது. ஜூலை நடுப்பகுதியில் தோற்ற அரசும் படையும் லட்சக்கணக்கான ஹுட்டு மக்களை முன்னே ஓட்டிக்கொண்டு எல்லை தாண்டி அன்றைய ஜயர் (இன்றைய காங்கோ) நாட்டின் கோமா நகருக்குள் புகுந்தன. எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை நிலம் அது. கழிப்பறைக் குழி தோண்ட முடியாது; புதைகுழியும் தோண்ட முடியாது. குடிக்க கிவு ஏரித் தண்ணீர். காலராவும் சீதபேதியும் பரவி, முதல் மாதத்திலேயே 50,000 பேர் அளவில் இறந்தார்கள்.

உலகத் தொலைக்காட்சிகள் இதைக் காட்டின. படுகொலை நடந்த நூறு நாட்களில் வராத உதவி, அதன் பிறகு வெள்ளமாக வந்தது. இந்நெருக்கடியில் 200-க்கும் மேற்பட்ட தொண்டு அமைப்புகள் இறங்கின. சில அமைப்புகளுக்குக் காலராவைக் கையாண்ட அனுபவம் இருந்தது. சில அமைப்புகளுக்குப் பெயர்ப்பலகையும் கொடியும் இருந்தன. பல நாடுகள் கூட்டாக நடத்தி 1996-இல் வெளியிட்ட ஐந்து தொகுதி மதிப்பீடு இதைப் பூசி மெழுகாமல் எழுதியது. திறமையான பணி நிறைய உயிர்களைக் காத்தது. பயிற்சியற்றவர்களின் பணி உயிர்களைப் பறித்தும் இருக்கலாம். நீர், உணவு, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றில் இவ்வளவாவது இருக்க வேண்டும் என்று இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் ஸ்பியர் அளவுகோல்களின் வேலை 1997-இல் தொடங்கியதற்குக் கோமாவே உடனடிக் காரணம். இனிமேல் கைகால் சும்மா இருக்கிறது என்பதற்காக யாரும் பேரிடர்க் களத்துக்குப் போகக் கூடாது என்ற நெறி அங்கே பிறந்தது.

இதைவிடக் கடினமான சிக்கல் முகாமுக்குள் இருந்தது. கிராமத்தில் கொலையை முன்னின்று நடத்திய அதே நிர்வாகிகள்தான் முகாமிலும் தலைவர்கள். தலைக்கு இவ்வளவு என்று வரும் தானியத்தை அவர்கள் வாங்கிப் பங்கிட்டார்கள். ஆள்கணக்கை ஏற்றிச் சொல்லி மீதியை விற்றார்கள். அந்தக் காசில் ஆயுதம் வந்தது. நாடு திரும்ப நினைத்தவர்கள் அடிபட்டார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள். எல்லைகளற்ற மருத்துவர்களின் பிரெஞ்சுக் கிளை 1994 நவம்பரில் முகாம்களை விட்டு வெளியேறியது. மற்ற கிளைகள் சில மாதங்கள் தங்கின. வெளியேறியவர்களைத் தங்கியவர்கள் நோயாளியைக் கைவிட்டவர்கள் என்றார்கள். தங்கியவர்களை வெளியேறியவர்கள் கொலையாளிக்குச் சோறு போட்டவர்கள் என்றார்கள். இரண்டும் உண்மை. பிரெஞ்சுக் கிளையில் பணியாற்றிய டெர்ரி வெளியேற்றத்துக்குச் சார்பாக எழுதுகிறார். ஆனால் முகாமில் இருந்தவர்களில் பெரும்பாலோர் குழந்தைகளும் பெண்களும் என்பதை எந்தத் தத்துவ நிலைப்பாடும் கரைத்துவிடுவதில்லை.

38 அமைப்புகள்

உள்நாட்டிலும் முகாம்கள் இருந்தன. தெற்கே கிபேஹோவில் இடம்பெயர்ந்த ஹுட்டு மக்களின் முகாமைக் கலைக்கப் புதிய அரசின் படை வந்தது. 1995 ஏப்ரல் 22-இல் அது மக்கள்மீது சுட்டது. இறந்தவர்கள் 338 என்றது அரசு. அங்கிருந்த ஆஸ்திரேலிய ஐ.நா. படையினர் எண்ணத் தொடங்கி, 4,000 வரை வந்தபோது தடுக்கப்பட்டார்கள். மருத்துவத் தொண்டர்களும் பார்த்தார்கள். சிலர் வெளியே சொன்னார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் ருவாண்டா அரசு 38 அயல்நாட்டுத் தொண்டு அமைப்புகளை வெளியேற்றியது. எல்லைகளற்ற மருத்துவர்களின் பிரெஞ்சுக் கிளையும் அவற்றில் ஒன்று. இந்த முடிவை இரண்டு விதமாகப் படிக்கலாம். வெள்ளை ஜீப்புகளில் சுற்றிக்கொண்டு, நல்ல சம்பளத்தால் அரசு அலுவலகங்களிலிருந்து ஆட்களை உறிஞ்சிக்கொண்டு, யாருக்கும் கணக்குக் காட்டாத அமைப்புகளை, நாசமாய்ப் போன கருவூலத்தோடு இருந்த அரசு வழிக்குக் கொண்டுவந்தது என்பது ஒன்று. பார்த்துவிட்ட சாட்சிகளை அகற்றியது என்பது மற்றது. ஆய்வாளர்களில் ஒரு சாரார் முதலாவதை மட்டும் எழுதுகிறார்கள், மறு சாரார் இரண்டாவதை மட்டும். ஒரே உத்தரவில் இரண்டும் இருந்தன என்று கொள்வதற்கே சான்றுகள் இடம் தருகின்றன. பின்னால் வந்த முப்பது ஆண்டுகளின் இலக்கணமும் இந்த உத்தரவில்தான் எழுதப்பட்டது.

கூலியில்லா வேலை

மீட்சியைச் சுமந்த தொண்டர்கள் யார் என்று எண்ணிக்கையால் பார்த்தால், அயலார் எங்கோ ஓரத்தில்தான் வருவார்கள். 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் படுகொலைக் குற்றச்சாட்டில் சிறைகளில் விசாரணையின்றி அடைபட்டுக் கிடந்தார்கள். வழக்கமான நீதிமன்றத்தில் இவர்களை விசாரித்து முடிக்க ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டிருக்கும். கச்சாச்சா என்னும் ஊர்மன்ற விசாரணை உயிர்ப்பிக்கப்பட்டது. 2001-இல் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட நடுவர்களை ஊரார் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. 2012 ஜூனில் மன்றங்கள் மூடப்படும்வரை ஏறத்தாழ 19 லட்சம் வழக்குகள் முடிக்கப்பட்டன.

வாரத்தில் ஒருநாள், மரத்தடியிலோ புல்தரையிலோ பெஞ்சு போட்டு, தோளில் நாட்டுக்கொடி வண்ணப் பட்டையுடன் நடுவர்கள் அமர்வார்கள். எதிரே அண்டைவீட்டார். தன் பிள்ளையைக் கொன்றவர் யார், உடலை எந்தக் கழிவுக்குழியில் போட்டார்கள் என்று ஒரு தாய் கேட்பார். பதில் சொல்ல வேண்டியவர் மறுநாளும் அதே கிணற்றடிக்கு வருவார். இதைப் பார்க்க வந்த ஆய்வாளர்கள் ஒத்த கருத்துக்கு வரவில்லை. ஃபில் கிளார்க் இதில் மக்கள் தாமே நடத்திய உரையாடலின் வலிமையைக் கண்டார். பெர்ட் இங்கேலாரே அரசின் நிழல் விழுந்த, பேசுவதற்கு வரம்பு கட்டிய மன்றத்தைக் கண்டார். நடுவர்களிலேயே பல்லாயிரம் பேர்மீது படுகொலைக் குற்றச்சாட்டு எழுந்து அவர்கள் நீக்கப்பட்டதும், முன்னணிப் படையினர் செய்த கொலைகள் விசாரணை வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டதும் இங்கேலாரேயின் பக்கத்துக்கு எடை சேர்க்கின்றன. எப்படிப் பார்த்தாலும், இவ்வளவு வேலையை இவ்வளவு பேர் கூலி வாங்காமல் செய்தது நிகழ்ந்தது.

மருத்துவத்திலும் இதே கதை. ஏறத்தாழ 15,000 கிராமங்களில் ஊராரே தேர்ந்தெடுத்த நலப்பணியாளர்கள் 45,000 பேர் மலேரியாவுக்கு மாத்திரை கொடுப்பதும், கர்ப்பிணியைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போவதும், குழந்தையை எடை போடுவதுமாக இருந்தார்கள். இவர்களுக்கும் மாதச் சம்பளம் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக ஊக்கத்தொகை வரும்.

உயிர்பிழைத்த கைம்பெண்கள் 1995-இல் சங்கம் அமைத்தார்கள். 1996-இல் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய சங்கம் இன்னும் வியப்பானது. பெற்றோரை இழந்த மாணவர்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து, தமக்குள் ஒருவரைத் தந்தையாகவும் ஒருத்தியைத் தாயாகவும் தேர்ந்தெடுத்து, ஒரு குடும்பமாக நடந்துகொண்டார்கள். இருபது வயதுத் தந்தை பத்தொன்பது வயதுப் பிள்ளையின் தேர்வு மதிப்பெண்ணைக் கேட்பார்; திருமணத்தில் பெற்றோர் நிற்கும் இடத்தில் நிற்பார். எந்த அயல்நாட்டு ஆற்றுப்படுத்துநரின் கையேட்டிலும் இந்த யோசனை இருந்திருக்காது.

ஆனால் கூலியில்லா வேலையை அப்படியே கொண்டாடிவிட முடியாது. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை, 8 முதல் 11 மணிவரை, நாடெங்கும் கடைகள் மூடி, சாலைகள் வெறிச்சோடி, 18 வயது முதல் 65 வயது வரையுள்ளோர் மண்வெட்டியோடு வெளியே வருகிறார்கள். உமுகாண்டா என்பது நமது சிரமதானம் போன்றது, கட்டாயம் என்பது ஒன்றே வேறுபாடு. பயணிகளும் தொண்டர்களும் ஆர்வத்தோடு இதில் கலந்து படமெடுத்துக்கொள்கிறார்கள். 1970-களின் நடுவில் ஹபியாரிமானா ஆட்சி நாடு முழுக்க அமல்படுத்திய ஏற்பாடு இது. 1994-இல் ஆட்களைத் திரட்டவும், ஒளிந்தவர்களுக்கு மறைப்பாக இருந்த புதர்களை வெட்டவும் இதே அமைப்பு பயன்பட்டதை வரலாற்றாய்வாளர் அலிசன் டெ ஃபோர்ஜ் ஆவணப்படுத்தியிருக்கிறார். வடிகால் தோண்டும் ஒழுங்கும் கொலைக்குத் திரண்ட ஒழுங்கும் ஒரே நிர்வாகப் பழக்கத்தின் இரண்டு பயன்பாடுகள். புதிய அரசு அந்தப் பழக்கத்தை அழிக்கவில்லை. வேறு வேலைக்குத் திருப்பியது.

அனாதை இல்லங்கள்

அயல்நாட்டுத் தொண்டர் அதிகம் விரும்பிய இடம் அனாதை இல்லம். படுகொலையில் 95,000 குழந்தைகள் அனாதைகளானதாக யுனிசெஃப் மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோரை எடுத்து வளர்த்தவை சொந்தபந்தங்களும் அண்டைவீடுகளும். பல வீடுகளில் மூத்த பிள்ளையே குடும்பத் தலைவர். இல்லங்களுக்கு வந்தவர்கள் சிறு பகுதியினர். ஆனால் நன்கொடையும் தொண்டர்களும் இல்லங்களைத் தேடியே வந்தார்கள். மலைமேல் பாட்டி வீட்டில் வளரும் பிள்ளையைப் பார்க்க வழியில்லை. இல்லத்தில் நாற்பது பிள்ளைகள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த ஓட்டமே, அன்பு செலுத்துபவர்கள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் வளர்ந்ததன் அறிகுறி என்று குழந்தை உளவியலார் சொல்கிறார்கள். இரண்டு வாரம் தங்கிக் கொஞ்சிவிட்டுப் போகும் ஒவ்வொருவரும் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு பிரிவைத் தருகிறார்.

படுகொலை முடிந்து பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2012-இல் எடுத்த கணக்கெடுப்பில் 33 இல்லங்களில் 3,323 பேர் இருந்தார்கள். படுகொலையின் அனாதைகள் அதற்குள் வளர்ந்துவிட்டார்கள். இவர்கள் வறுமையின் பிள்ளைகள், பலருக்கு உறவினர் உயிரோடு இருந்தார்கள். இல்லங்களை மூடிப் பிள்ளைகளைக் குடும்பங்களில் சேர்க்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. கிசிம்பாவின் இல்லமும் பிள்ளைகளைத் தங்கவைப்பதை நிறுத்திப் பள்ளி நேரத்துக்குப் பிந்தைய மையமானது. அயல்நாட்டு நன்கொடையாளர் மனம் கோணுமே என்று தயங்காத முடிவு இது. அரசின் கறார்த்தனம் நன்மையாக முடிந்த இடம் என்று தயங்காமல் சொல்லலாம்.

கிகாலியின் நிபந்தனைகள்

2012-இல் தொடங்கிய மருத்துவ மனிதவளத் திட்டம் இந்தக் கறார்த்தனத்தின் முதிர்ந்த வடிவம். அன்று அரசு மருத்துவமனைகளில் இருந்த மருத்துவர்கள் அறுநூற்றுச் சொச்சம். மக்கள் ஒரு கோடிக்கு மேல். அமெரிக்க அரசின் பணமும் உலகளாவிய நிதியத்தின் பணமும் நேராக ருவாண்டா நலவாழ்வு அமைச்சகத்துக்கு வந்தன. அமைச்சர் அக்னெஸ் பினாக்வாஹோவின் அமைச்சகமே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் போட்டது. பல்கலைக்கழகங்கள் நிர்வாகச் செலவுக்கென எடுத்துக்கொள்ளும் பங்குக்கு 7 சதவீத உச்சவரம்பும் வைத்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வழக்கமாக எடுப்பதோடு ஒப்பிட்டால் இது அற்பம்.  வருகிற பேராசிரியர் ஒரு ருவாண்டா மருத்துவரோடு இணையாக நின்று கற்பிக்க வேண்டும். ஏழாண்டு கழித்து யாரும் தேவைப்படாத நிலை வர வேண்டும் என்பதே குறிக்கோள்.

எல்லாம் எழுதியபடி நடக்கவில்லை. அமெரிக்கப் பணம் 2017-இல் நின்றது. இணையாக நிற்கும் ஏற்பாடு சில துறைகளில் பலித்தது, சிலவற்றில் பெயரளவில் இருந்தது. ஆனாலும் கோமாவோடு ஒப்பிட்டால் திசை தலைகீழாகியிருப்பது தெரியும். அங்கே வந்தவர் தேவையைத் தீர்மானித்தார். இங்கே தேவை வந்தவரைத் தீர்மானித்தது.

ஆங்கில ஆசிரியர்கள் வேறு கதை. 2008 அக்டோபரில் பயிற்றுமொழியைப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்ற அமைச்சரவை முடிவெடுத்தது. மறு ஆண்டு ருவாண்டா காமன்வெல்த்தில் சேர்ந்தது. பாடம் நடத்த வேண்டிய ஆசிரியர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தெரியாது. 1993-இல் போய்விட்ட அமெரிக்க அமைதிப் படைத் தொண்டர்கள் அந்தச் சமயத்தில்தான் திரும்பி வந்தார்கள். ஓர் அரசியல் முடிவு உண்டாக்கிய பள்ளத்தை நிரப்பும் மண்ணாக அவர்கள் பயன்பட்டார்கள். இளங்குழந்தைகளை அறியாத மொழியில் படிக்கவைப்பது சரியா என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் முடியாது.

பயணி

சுற்றுலாவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல இருக்கிறது. மலைக் கொரில்லாக்களைப் பார்க்கும் அனுமதிக் கட்டணம் 2017-இல் 750 டாலரிலிருந்து 1,500 டாலராக்கப்பட்டது. பூங்கா வருவாயில் 10 சதவீதம் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகிறது. கையில் காசுள்ள பயணி கொரில்லாவுக்கு ஒருநாள், கிகாலியின் கிசோசி நினைவிடத்துக்கு ஒரு காலைப்பொழுது என்று வகுத்துக்கொள்கிறார். நியாமாட்டா, முராம்பி, கிசோசி, பிசெசேரோ ஆகிய நான்கும் 2023-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. முராம்பியில் சுண்ணாம்பிட்டுப் பதப்படுத்திய உடல்களையே காட்சிக்கு வைத்தார்கள். இறந்தவரைப் புதைப்பதா, உலகம் மறுக்காதிருக்கச் சான்றாக வைப்பதா என்ற வாதம் உயிர்பிழைத்தோருக்குள்ளேயே நடந்தது. வழிகாட்டிகளில் பலர் உயிர்பிழைத்தவர்கள். அதே கதையை அடுத்தடுத்த குழுவுக்குச் சொல்பவர்கள். ஏப்ரல் 7 முதல் ஒரு வாரம் துக்கம் அனுசரிக்கப்படும்போது, நினைவு கிளர்ந்து மயங்கி விழுவோரைத் தாங்க ஆட்கள் தயாராக நிற்பார்கள். அந்த வாரத்தில் அயலார் செய்யக்கூடிய உதவி அதிகமில்லை.

கேட்கக் கூடாதவை

தொண்டருக்குத் தரப்படும் அறிமுகப் பயிற்சியில் தவறாமல் வரும் அறிவுரை, யாரிடமும் ஹுட்டுவா டுட்சியா என்று கேட்காதே என்பது. கண்ணியம் என்ற வகையில் இது சரி. ஆனால் 2008-இல் வந்து பின்னர் திருத்தப்பட்ட படுகொலைச் சித்தாந்தச் சட்டம் இதைக் கண்ணியத்தோடு நிறுத்தவில்லை. எது குற்றம் என்ற வரையறை அகன்றதாக இருந்ததால், கிபேஹோவைப் பற்றியோ காங்கோவில் முன்னணிப் படை செய்தவை பற்றியோ பேசுவதும் ஆபத்தானது. ஆய்வாளர் சூசன் தாம்சனின் ஆய்வு 2006-இல் நிறுத்தப்பட்டு, அவர் மறுபயிற்சி முகாமுக்கே அனுப்பப்பட்டார். கிகாலியில் இதழாளர்களுக்குப் பயிற்சியளித்த, இந்தியாவில் பிறந்த அஞ்சன் சுந்தரம், தம் மாணவர்கள் ஒவ்வொருவராக மௌனமானதையும் நாட்டைவிட்டுப் போனதையும் 2016-இல் நூலாக எழுதினார். டெ ஃபோர்ஜை 2008-இல் நாட்டுக்குள் விடவில்லை. 1994 படுகொலையின் மிக விரிவான ஆவணத்தை எழுதியவர் அவர்; தீர்ப்பாயத்தில் கொலையாளிகளுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்.

அரசின் தரப்பும் எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. ஒரு வானொலி அண்டைவீட்டாரை ஒருவர்மீது ஒருவர் ஏவியதைப் பார்த்த நாடு பேச்சுக்கு வரம்பு வைப்பதைப் புரிந்துகொள்ளலாம். அறிவுரை சொல்லவரும் நாடுகள் 1994-இல் விமானம் ஏறியவை என்று அதிபர் ககாமே திரும்பத் திரும்பச் சொல்வதற்கும் யாரிடமும் பதிலில்லை. சிக்கல் என்னவென்றால், அனாதை இல்லங்களை மூடவைத்த கையும் டெ ஃபோர்ஜைத் திருப்பி அனுப்பிய கையும் ஒன்றே. பயனுள்ள தொண்டரைத் தேர்ந்தெடுக்கும் வடிகட்டி, பேசக்கூடிய தொண்டரை வெளியே நிறுத்துகிறது. மருத்துவமனையில் ஈராண்டு வேலை செய்துவிட்டுத் திரும்பும் மருத்துவர் குழந்தை இறப்பு குறைந்ததைச் சான்றோடு சொல்வார், அது உண்மை. ஊரில் எவர் காணாமல் போனார் என்று அவர் சொல்லமாட்டார், விசா என்ற ஒன்று இருக்கிறது. 1980-களின் நிபுணர்களிடம் யூவின் கண்ட அதே ஒழுக்கம், அரசியல் நம் வேலை இல்லை என்பது, இப்போது ஒப்பந்தத்தின் பகுதியாகவே திரும்பியிருக்கிறது.

2025 ஜனவரியில் எம்23 என்ற ஆயுதக் குழு காங்கோவின் கோமாவைப் பிடித்தது. ருவாண்டாப் படை அதற்குத் துணைநிற்பதாக ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையிட்டது; கிகாலி மறுத்தது. மார்ச்சில் பெல்ஜியத்துடன் தூதரக உறவு முறிந்தது. அதே மாத இறுதியில் நாட்டிலுள்ள உள்நாட்டு, அயல்நாட்டுத் தொண்டு அமைப்புகள் பெல்ஜிய அரசோடும் அதன் சார்பு நிறுவனங்களோடும் ஒத்துழைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. 1995-இன் உத்தரவில் அரசு தன் நியாயமாகச் சுட்ட ஒரு குறை இருந்தது: வந்தவர்கள் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை, கணக்குக் காட்டவில்லை என்பது. 2025-இன் உத்தரவில் அந்தக் கேள்வியே எழவில்லை. அமைப்பு நன்றாக வேலை செய்ததா என்று யாரும் பார்க்கவில்லை. பணம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று மட்டும் பார்த்தார்கள்.